அண்ணன் நிமிர்ந்த நாள்

இன்று காலை எங்கள் தெருமுனையில் பருத்திப்பால் வண்டி வந்து நின்றது. மூடியைத் திறந்ததும் சுக்கும் கருப்பட்டியும் முண்டியடித்துக்கொண்டு மூக்கில் ஏறின. அவற்றின் பின்னால், புது மருமகள் போலத் தயங்கித் தயங்கி, பருத்திக்கொட்டையின் வாசம் வந்தது. தூக்குவாளியை நீட்டிய கை நீட்டியபடியே நின்றுவிட்டது. "என்னம்மா, வேணுமா வேணாமா?" என்று வண்டிக்காரர் இரண்டு தரம் கேட்டிருப்பார் போல. நான் அங்கே இல்லை. நீ டாக்டராக இருந்த ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலோரம் நின்றிருந்தேன்.

மற்றவர்களுக்கு ஆஸ்பத்திரி என்றால் லோஷன் வாசம். எனக்கு எப்போதும் பருத்திக்கொட்டை வாசம்தான். அடிபட்டு வருகிறவர்களின் தலை இப்படியும் அப்படியும் உருளாமல் இருக்க, இரண்டு காதோரமும் அண்டக் கொடுப்பதற்கு நீ என்னிடம் சின்னச் சின்னப் பைகள் தைத்து வாங்குவாய். உள்ளே பருத்திக்கொட்டை. "மணல் கனக்கு. பஞ்சு நழுவுது. கொட்டைதான் சொன்ன எடத்துல உக்காருது" என்பாய். வெயிலில் காய்ந்த பையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் எடுத்துக்கொள்வாய். எதற்கு முகர்கிறாய் என்று கேட்டால், "எங்க வீட்டு மாட்டுத்தொழுவம் ஞாபகத்துக்கு வருது, அதுக்குத்தான்" என்று சிரிப்பாய். பெரிய டாக்டருக்கு வந்த ஞாபகத்தைப் பார் என்று நான் பழிப்புக் காட்டுவேன்.

நாம் இரண்டு பேரும் வில்லிபுத்தூர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. நீ மதுரைக்குப் போய் டாக்டருக்குப் படித்தாய். நான் இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தேன். நடுவில் பல வருடம் நமக்குள் ஒரு தபால் கார்டுகூடக் கிடையாது. எண்பதுகளின் நடுவில் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கே டாக்டராக வந்து, ஒரு மத்தியானம் நீயாகத் தேடி வந்தாய். அந்த மத்தியானத்தை நினைத்தால் இன்னும் கனவு மாதிரித்தான் இருக்கிறது. வெளுத்த துணி களம் முழுவதும் நீளநீளமாக மூங்கிலில் தொங்குகிறது. மேற்கே மலை, பாதி மேகத்துக்குள். காற்று வரும்போதெல்லாம் அத்தனை வெள்ளையும் ஒரே மூச்சாக எழுந்து அடங்குகிறது. அந்த வெள்ளைக்குள் ஒரு நிழல், ஒவ்வொரு துணியாக விலக்கிக்கொண்டு, வழி தெரியாமல், என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வருகிறது. கடைசித் துணியை விலக்கியபோது நீ நின்றாய். முன்னைக்கு ஒரு சுற்றுப் பெருத்திருந்தாய், ஆனால் அதே நெற்றி, அதே அவசரம்.

நலம் விசாரிக்கக்கூட இல்லை. பைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாய். "ஏட்டி, இத மாதிரி தச்சுத் தருவியா?"

ஸ்பாஞ்சை வளைத்து, மேலே துணி சுற்றி, பின்னால் ஒட்டுகிற பட்டை வைத்த வளையம். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "நம்மூரு நாய்க்குக்கூட இதவிட நல்ல பட்ட கட்டுவாகளே" என்றேன்.

"இது மனுசன் கழுத்துக்கு மாட்டுத காலரு. அடிபட்டு வாரவன் கழுத்து அசையக் கூடாது. அசஞ்சா உள்ள இருக்க நரம்பு போயிரும், கையி காலு வெளங்காது. மதுரையில சொல்லிவச்சு இது வாரதுக்குள்ள ஆளு செத்துப் பொழச்சிருதான்."

மறுவாரமே தைத்துக் கொடுத்தேன். ஸ்பாஞ்சுக்கு மேல் பனியன் துணி, கட்டுவதற்கு எங்கள் நாடா. நீ உன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு களத்தில் ராணி மாதிரி நடந்து காட்டினாய். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அதற்கு முன்னால் நான் தைத்ததெல்லாம் புண்ணுக்குச் சுற்றித் தூக்கி எறிகிற துணி. இது ஓர் உயிரைக் கழுத்தைப் பிடித்து நிறுத்துகிற துணி அல்லவா? மில் வாசலுக்கு, பஸ் நிற்கிற இடத்துக்கு, டாக்ஸி ஸ்டாண்டுக்கு என்று காலர்களைச் சும்மாவே கொடுத்துவிட்டேன்.

கொடுத்தது உனக்குப் பெரிய தலைவலியாக முடிந்தது. எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு பேண்டேஜ் தறி. அடிபட்டவனைப் பார்த்தால் சும்மா நிற்க ஒருத்தருக்கும் கை வராது. மொபெட்டிலிருந்து விழுந்த ஒருவருக்கு என் காலரைக் கட்டி, "இனி ஒண்ணும் பயமில்ல" என்று டீக்கடைப் பெஞ்சில் உட்கார வைத்து, சோடா குடிக்கக் கொடுத்து, பிறகு சைக்கிள் கேரியரில் ஏற்றி உன்னிடம் அனுப்பினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வேதக்கோயிலில் ஆராதனை முடிந்ததும் நேரே என் களத்துக்கு வந்து கத்தினாய்.

"காலரு என்ன தாயத்தாட்டி? கட்டிட்டா காத்து கருப்பு அண்டாதா? தலையில அடிபட்டவன் வாந்தி எடுக்கான், வாயத் தொறக்க முடியல. கழுத்துல வீக்கம் இருக்கா இல்லையான்னு எனக்குப் பாக்கவும் முடியல. இறுக்கிக் கட்டி மூஞ்சி நீலமா வருது."

"அப்ப காலரு கெடுதலா?"

"சிலருக்கு ஒத்தாச. சிலருக்கு உபத்திரவம்."

"யாருக்கு எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்க?"

நீ மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு மலையைப் பார்த்தாய். "தெரியலட்டி" என்றாய். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தைக்கச் சொன்னதும் நீ, இப்போது தெரியவில்லை என்பதும் நீ. டாக்டர் தெரியாது என்று சொல்லலாமா? மாவு சரியாக வருமா என்று தெரியாமல் ஒருத்தி இட்லிக்கடை போடுவாளா? இதை உன் முகத்துக்கு நேரேயே கேட்டேன். நீ அதற்கும் சிரித்தாய்.

இந்த இடத்தில் என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரியாததில்லை. எனக்குச் சொல்லிப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. அண்ணன் நூல் மில்லில் ஃபிட்டர். இருபத்தைந்து வயதில் இடுப்பில் பிடித்த வலி மெல்ல மெல்ல முதுகில் ஏறி, நாற்பதுக்குள் கழுத்தையும் பிடித்துவிட்டது. தலை முன்னால் கவிழ்ந்து நாடி நெஞ்சில் போய் நின்றுகொண்டது. அதற்குப் பிறகு அவர் பார்த்ததெல்லாம் தரைதான். அவரோடு பேச வேண்டுமானால் நான் கீழே உட்காருவேன். அப்போதுதான் இரண்டு பேருக்கும் முகம் தெரியும். தெருவில் சாவி, கம்மல் திருகாணி எது தொலைந்தாலும் அண்ணனைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு, "நிமிந்து நடக்கவன் தொலைப்பான், குனிஞ்சு நடக்கவன் எடுப்பான்" என்பார்.

புரட்டாசிச் சனி தவறாமல் அண்ணன் நம் திருவண்ணாமலைக்குப் போவார். வில்லிபுத்தூரை ஒட்டி, பெருமாள் நிற்கிற அந்தச் சின்ன மலைக்கு. படியேறும்போது மற்றவர்கள் எல்லாம் மேலே கோபுரத்தைப் பார்த்துக் கோவிந்தா போடுவார்கள். அவர் ஒவ்வொரு படியையும் பார்த்துப் போடுவார். எங்கள் ஊர்ப் பேண்டேஜ்காரர்கள் மலையடிவாரத்தில் நீர்மோர்ப் பந்தல் போடுவது வழக்கம். மோர்ப் பானைக்குப் பக்கத்தில் பஞ்சு, துணி, என் காலர் எல்லாம் ஒரு மேசையில் இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை காலை அண்ணன் இறங்கி வரும்போது, மேலேயிருந்து ஓடி வந்த கும்பல் ஒன்று இடித்துவிட்டது. நாலைந்து படி உருண்டார். பந்தல்காரர்கள் ஓடினார்கள். முதலில் தேடியது காலரை. ஆனால் நாடி நெஞ்சில் ஒட்டிய மனிதனுக்கு எங்கே காலர் கட்டுவது? ஒருவர் தலையை இரு கையாலும் பிடித்து லேசாகத் தூக்கிப் பார்த்திருக்கிறார். அது நிமிர்ந்துவிட்டது. வருடக்கணக்கில் இம்மியும் அசையாத தலை, கதவு திறந்த மாதிரி பின்னால் வந்துவிட்டது. தூக்கியவரே பயந்து போனாராம். பக்கத்தில் நின்ற யாரோ "கோவிந்தா!" என்று கத்த, மலை முழுவதும் கோவிந்தா. பெருமாள் சந்நிதியில் கூன் நிமிர்ந்தது என்று பேச்சு பரவிவிட்டது. நிமிர்ந்தது நிமிர்ந்தபடி இருக்கட்டும் என்று என் காலரை இறுக்கிக் கட்டி, வேனில் ஏற்றி உன்னிடம் கொண்டுவந்தார்கள்.

எனக்குப் பக்கத்துக் கடைக்குப் போன் வந்து, அலறியடித்துக்கொண்டு நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது வராந்தாவில் ஒரு கூட்டமே சிரித்த முகமாக நின்றது. "அம்மா, அழுவாதீக! ஒங்க அண்ணனுக்குப் பெருமாளு கண்ணத் தொறந்துட்டாரு. ஒங்க காலருதான் போட்டிருக்கோம்." எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உள்ளே ஓடினேன்.

அண்ணன் மல்லாந்து படுத்திருந்தார். அவர் மல்லாந்து படுத்து நான் பார்த்து எத்தனை காலம். முகம் முழுவதும் வெளிச்சத்தில் இருந்தது. ஜன்னல் வெயில் நெற்றியில் விழுந்து, புருவம் நரைத்திருந்தது தெரிந்தது. கண்கள் நேராக என்னைப் பார்த்தன. நான் நின்றுகொண்டிருந்தேன், நின்றபடியே அண்ணன் முகத்தைப் பார்த்தேன்.

"ஏட்டி, நீ இம்புட்டு ஒசரமா?" என்றார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவர் மின்விசிறியைப் பார்த்தார், சுவர் மூலையில் பல்லியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். சின்னப் பிள்ளையைத் தேர் பார்க்கத் தோளில் தூக்கி வைத்த மாதிரி அத்தனை வேடிக்கை அந்தக் கண்ணில். நான் திரும்பி உன் கையைப் பிடித்தேன். நீயும் சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன்.

நீ என்னைச் சுவரோரம் இழுத்துப் போய்ச் சொன்னாய். "நிமிரலட்டி. ஒடிஞ்சிருக்கு."

"என்ன ஒடிஞ்சிருக்கு?"

"கழுத்து. அண்ணனுக்கு முதுகெலும்பு பூராம் ஒட்டிப்போயி ஒரே மூங்கிலா இருக்கு. மூங்கி நிமிராது. நிமிந்துச்சுன்னா ஒடிஞ்சிருக்குன்னு அர்த்தம். அந்த ஒடிவ இந்தக் காலரு பொளந்து பிடிச்சுக்கிட்டிருக்கு. கையில எறும்பு ஊருதுங்காரு. வந்ததுல இருந்து பிடி கொறஞ்சுக்கிட்டே வருது."

உன் பக்கத்தில் நின்ற நர்சு, காலரைக் கழற்றக் கூடாது என்றுதானே டாக்டர் எழுதி ஒட்டியிருக்கிறீர்கள் என்று சுவரைக் காட்டினாள். உன் கையெழுத்துதான். கழுத்தில் அடி என்றால் காலரை எடுக்காதே. நீ அதைப் படித்தாய். மற்றவர் எழுதியதைப் படிக்கிற மாதிரிப் படித்தாய்.

"எடுத்தா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"பழையபடி குனிய வச்சு அண்டக் கொடுக்கணும். அப்படி வைக்கையில ஒடிஞ்ச எடம் நழுவிருச்சுன்னா போச்சு. எடுக்காம விட்டா இப்பவே போய்க்கிட்டிருக்கு. எடுத்தாலும் பயமா இருக்கு, எடுக்காட்டியும் பயமா இருக்கு. ஒங்கிட்ட ஏன் பொய் சொல்லணும்?"

"கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்டி. அவர் மொகத்தப் பாத்து எத்தன வருசமாச்சு!" என்றேன். சொன்னேன்தான். அண்ணனின் கை போய்க்கொண்டிருக்கிறது என்று காதில் விழுந்த பிறகும் அதைத்தான் சொன்னேன். நீ என்னைத் திட்டவில்லை. என் கன்னத்தைத் துடைத்துவிட்டு அண்ணனிடம் போனாய்.

"அண்ணே, நேத்து நீங்க எப்படி இருந்தீகளோ அதே மாதிரி வைக்கப் போறேன். கழுத்து நிமிராது. சம்மதமா?"

அண்ணன் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது நல்லாத்தான் இருக்கு, டாக்டரு" என்றார். பிறகு, "ஆனா கை வெளங்காம மேல பாத்து என்ன செய்ய? நேத்து மாதிரியே போதும் தாயி" என்றார்.

நீ தலைமாட்டில் நின்று இரண்டு கையாலும் அவர் தலையை ஏந்தினாய். நர்சு நாடாவை அவிழ்த்தாள். நான் கட்டுக்கட்டாகப் பேண்டேஜ் துணியை எடுத்து, நீ கண்ணைக் காட்டும்போதெல்லாம் ஒவ்வொன்றாகத் தலைக்குக் கீழே நுழைத்தேன். "வலிச்சா சொல்லுங்க. ஒங்களுக்கு எது சௌகரியமோ அதான் கணக்கு" என்று அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தாய். வலது பக்கம் கொஞ்சம் என்பார், வைப்பேன். தலை மெல்ல மெல்ல முன்னால் வந்தது. அவர் பார்வை மேற்கூரையை விட்டு இறங்கி, ஜன்னலைத் தாண்டி, என் முகத்துக்கு வந்து, அங்கே கொஞ்சம் நின்றது. நின்றதாகத்தான் எனக்குப் பட்டது. பிறகு என் கழுத்து, என் சேலை, தன் நெஞ்சு என்று போய்விட்டது. இரு காதோரமும் பருத்திக்கொட்டைப் பைகளை நீ அண்டக் கொடுத்தாய்.

கொஞ்ச நேரம் கழித்து, "எறும்பு போயிருச்சு" என்றார் அண்ணன். உன் விரலைப் பிடிக்கச் சொன்னாய். பிடித்தார். "இன்னும் அமுக்குங்க" என்றாய். அமுக்கியிருப்பார் போல, நீ ஆ என்றாய். பிறகுதான் மூலையில் போய் ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாய்.

மதுரைக்கு அவரை அப்படியே குனிந்த வாக்கிலேயே கொண்டுபோனோம். பல மாதம் கிடந்து, பழைய கூனோடு நடந்து வந்தார். இடது கையில் இரண்டு விரலுக்கு மட்டும் கடைசிவரை உணர்ச்சி திரும்பவில்லை. அது விழுந்ததாலா, காலர் கட்டியதாலா, நீ கழற்றியதாலா? உன்னிடம் நான் கேட்காவிட்டாலும் நீயே கேட்டுக்கொண்டிருந்தாய். ஊரில் சிலர் கேட்ட கேள்வி வேறு. பெருமாள் நிமிர்த்தியதை டாக்டரம்மா குனிய வைத்துவிட்டாள் என்றார்கள். டீக்கடையில் அதைச் சொன்னவனிடம் அண்ணன் போய் நின்றாராம். "ஏலே, பெருமாளு நிமித்தணும்னா படியில உருட்டியா நிமித்துவாரு? அவருக்கு வேற வழி தெரியாதா?" கேட்டவன் டீயை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

நான் காலர் தைப்பதை நிறுத்திவிட்டேன் என்று சொன்னபோது நீ சண்டைக்கு வந்தாய். அந்த மாதம்தான் ஒரு லாரி கிளீனர் தன் தலையைத் தானே இரு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, கையை எடுத்தால் உயிர் போகிறது என்று அழுதாராம். அவருக்கு என் காலரைக் கட்டிய பிறகுதான் கையை இறக்கினாராம், பிழைத்தும் கொண்டாராம். "அவன் கேட்டான், கொடுத்தேன். ஒங்க அண்ணனும் சொன்னாரு, எடுத்தேன். கழுத்துக்காரன் சொல்லுததக் கேக்காம நம்ம இஷ்டத்துக்கு எதையும் செய்யக் கூடாதுட்டி. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்." சுவரில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துவிட்டாய். புதிதாக எதுவும் எழுதி ஒட்டவில்லை. அப்புறம் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை, காய்கிற துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அதையே பேசியிருக்கிறோம். நான் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். அடுத்த வாரம் பக்கம் மாறியிருப்போம். வெள்ளை மேலே எழும், அடங்கும். மலை தெரியும், மறையும். ஒரு முடிவும் வராது. அந்த நேரம் முழுவதும் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

எத்தனையோ வருடம் கழித்து ஒரு நாள், நீ மத்தியானம் சாப்பிட்டு ஒருக்களித்துப் படுத்தவள், எழுந்திருக்கவில்லை. நான் வந்து சேர்வதற்குள் உன்னைச் சவப்பெட்டியில் வைத்திருந்தார்கள். தலை இடப்பக்கம் சாய்ந்தே விறைத்திருந்தது. பெட்டிக்காரர் நேராக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்ததே ஆத்திரம். "கையை எடுங்க. அவ தூங்குனது அப்படி. அவளுக்கு எது சௌகரியமோ அப்படியே இருக்கட்டும்" என்று கத்திவிட்டேன். உன் சொந்தக்காரர்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் மறுபடி உன் தலையைத் தொடவில்லை.

ஒவ்வொருவராக வந்து குனிந்து உன் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். அண்ணன் வந்தார். அவர் குனிய வேண்டியிருக்கவில்லை. சும்மா நின்றாலே அவர் கண்ணுக்கு நேர் கீழே உன் முகம். மற்றவர்கள் முதுகு வலித்து நிமிர்ந்துகொண்டார்கள். அவர் மட்டும் பாட்டு முடிந்து, ஜெபம் முடிந்து, மூடி கொண்டுவரும் வரைக்கும் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. "நேத்து மாதிரியே இருக்க தாயி" என்று அவர் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது.

அண்ணன் இப்போதும் இருக்கிறார். அவரோடு பேச நான் இப்போதும் தரையில் உட்காருகிறேன், முழங்கால் வலியோடு. ஆனால் உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. கனவில் வருகிற அண்ணன் எப்போதும் அந்தக் கட்டிலில் மல்லாந்துதான் கிடக்கிறார், கழுத்தில் என் காலர். "நீ இம்புட்டு ஒசரமா?" என்று கேட்கிறார். அது ஒடிந்த கழுத்து என்று கனவிலும் எனக்குத் தெரியும். ஆனாலும் கழற்றச் சொல்ல என்னால் முடிவதில்லை. நீ வந்துதான் ஒவ்வொரு முறையும் கழற்றுகிறாய்.